இரண்டு கையும் விசைப்பலகையில்

எனக்கும் சேர்த்துப் பேசிய என் பிலோ அக்காவுக்கு,

நீங்கள் பள்ளியைவிட்டுப் போன பிறகு ஆசிரியர் அறையில் உங்கள் நாற்காலியில் யார் யாரோ உட்கார்கிறார்கள். நான் பக்கத்திலேயேதான் இருக்கிறேன். களைப்பாக இருக்கிறது, அக்கா.

நம் பள்ளிக்குக் கணினி அறை வந்துவிட்டது. இந்த முறை இயற்பியல் தேர்வை அங்கேதான் வைத்தார்கள். இரண்டு கையும் விசைகள் மேலேயே இருக்கவேண்டும் என்று தட்டச்சு பழக்கி உட்காரவைத்தார்கள். காந்தத்துக்கு நடுவில் மின்கம்பி எந்தப் பக்கம் நகரும் என்ற கேள்விகளில் பாதி வகுப்பு கவிழ்ந்துவிட்டது. கெட்டிக்காரி வசந்தியும்தான். உயர்நிலைப் பள்ளி முடித்துப் போகும் தொடக்கக் கல்லூரிக்குப் பரிந்துரைப்பது இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான்.

அவளைக் கூப்பிட்டு அதே கணக்கைத் தாளில் கொடுத்தேன். வலக்கையில் பேனா. சும்மா இருந்த இடக்கை தானாக எழுந்து மூன்று விரலை மூன்று திசைக்கு விரித்தது. விடை சரி. பிறகு கணினி முன் உட்காரவைத்தேன். வலது ஓரத்து விசையைத் தட்டி அடுத்த கேள்விக்குப் போனவள், இடக்கை விசைகள் மேலேயே இருக்க, அந்த வலக்கையையே தூக்கி விரித்தாள். விடை தலைகீழ்.

"எந்தக் கை, வசந்தி?"

கையைப் பார்த்தாள். "அச்சோ, டீச்சர். எப்பவும் ஃப்ரீயா இருக்கிற கைதானே வரும்..."

நாம் நடத்தியது இடக்கை விதி: இடக்கையின் மூன்று விரலை விரித்தால் கம்பி நகரும் திசை தெரியும், வலக்கையை விரித்தால் திசை தலைகீழாகும். அவர்கள் படித்தது எதை, அக்கா?

துறைத் தலைவர் ராஜன் சாரிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர் மேல பழி போடாதீங்க லா, சாந்தா. ரூல் தெரிஞ்சா எதுல கேட்டாலும் வரும். வேணும்னா நீங்க சரியா நடத்தலைன்னு எழுதிக் குடுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதில் பாதி உண்மை என்பதுதான் என்னை அலுக்கவைக்கிறது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மேலதிகாரியிடம் மறுத்துப் பேசி எங்களில் யாருக்குப் பழக்கம்?

சனிக்கிழமை தேக்கா சந்தையில் வசந்தியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ள காலேஜ் போயிடுவாதானே, டீச்சர்?" நான் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நாளை பரிந்துரைகள் முதல்வரிடம் போகின்றன. அதற்கு முன் அவர் அறைக்கு நான் போவேன். உங்களைப்போல் பேச வராது. ஆனாலும் பிள்ளைகளுக்குத் தாளில் ஒரு தேர்வு வேண்டும் என்று கேட்காமல் வெளியே வரமாட்டேன். நான் சரியாக நடத்தவில்லை என்று எழுதித் தரச்சொன்னால் எழுதித் தருகிறேன். தாள் தேர்வு முடிந்த பிறகு.

கூடப் பிறக்காத தங்கச்சி,
சாந்தா