மின்மினிக்கு முப்பத்தாறு ஓட்டை

என் கேப்டன் வசந்தா அக்காவுக்கு,

உன் கப்பலில் ஓட்டை போட்டுவிட்டேன். ஒன்றிரண்டு இல்லை, முப்பத்தாறு. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. எழுத உட்கார்ந்தால் உன்னிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி முதலில் வந்து நின்றுவிடும். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். இன்று கேட்கத்தான் போகிறேன், கொஞ்சம் பொறு.

அந்தக் கம்ப்யூட்டரை நீ வீட்டுக்குக் கொண்டுவந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கிள்ளான் பக்கத்துத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கம்பி ஒட்டும் வேலை உனக்கு. ஞாயிற்றுக்கிழமையாவது தூங்குவாய் என்று பார்த்தால் கம்ப்யூட்டர் வகுப்புக்கு பஸ் ஏறிப் போனாய். ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து இறங்கினாய். பெட்டியில்லாமல் வாங்கினால் மலிவு என்று, வெறும் பச்சைப் பலகையை மட்டும் வாங்கி டின்னில் வைத்திருந்தாய். கறுப்புக் கறுப்பாய்க் கால் முளைத்த சில்லுகளை எட்டிப் பார்த்துவிட்டு அம்மா பின்னால் நகர்ந்தார்.

"என்னாடி இது, பூரான் குட்டியாட்டம்?"

"கம்ப்யூட்டரும்மா. டிவில சொருகினா எழுத்து வரும்."

எழுத்து வந்தது. எந்த நாளில் வந்தது தெரியுமா? வாரத்துக்கு ஒரு தடவை தமிழ்ப்படம் போடுகிற நாளில். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாயோடு வந்து உட்கார்ந்திருக்க, நீ நம் டிவியில் இங்கிலீஷ் எழுத்தை வரவழைத்துக்கொண்டிருந்தாய். நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு அரசாங்க மின்சாரம் வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது. அன்று அவர்கள் உன்னைப் பார்த்த பார்வைக்கே பலகை எரிந்து போயிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் படத்தை வரைந்து என்னிடம் நீட்டினாய். அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகங்களைத் தொழிற்சாலை விடுதியில் இரவல் வாங்கி, விண்வெளிக் கதைகளாகப் படித்துத் தள்ளுவாயே, அதன் விளைவு. உன் கம்ப்யூட்டருக்கு ஒரு விண்வெளிக் கப்பல் வேண்டுமாம். மூக்கு கூராக, வால் அகலமாக, இரண்டு பக்கமும் இறக்கை, நடுவில் வரிசையாகப் பச்சை விளக்கு. ஆற்றங்கரை மரமெல்லாம் மின்மினி மின்னுகிற கோலா சிலாங்கூர்க்காரி வேறு என்ன பெயர் வைப்பாய்? மின்மினி.

"இது என்னாக்கா, ராக்கெட்டா, வாழைப்பூவா?" என்று கேட்டேன்.

"வாழைப்பூன்னே வச்சிக்க லா. செஞ்சி குடுப்பியா மாட்டியா?"

லோரிக்குப் பாடி அடிக்கிறவன் நான். வீட்டுக் கூரைக்குத் தண்ணீர்க்குழாய் மடிக்கிறவன். என்னிடம் வந்து ராக்கெட் கேட்டால் எப்படி இருக்கும்? ஆனாலும் ஆசை வந்துவிட்டது. தோட்டத்தில் ரப்பர் மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு, ரப்பர்ப்பால் உறையவிடும் தொட்டியில் தடுப்பாகச் சொருகுகிற அலுமினியத் தகடெல்லாம் பால் ஸ்டோரில் சும்மா கிடந்தது. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியிடம் கேட்டு ஆறு தகடு எடுத்து வந்தேன். அம்மா பால் மரம் சீவிய காலத்தில் அந்தத் தொட்டியில் எத்தனை வாளி ஊற்றியிருப்பார்! அதே தகடு ஆகாயத்துக்குக் கிளம்புகிறது என்று நீதான் அம்மாவிடம் போய்ச் சொன்னாய்.

மூன்று ஞாயிறு. அந்த மூக்கை வளைக்க மட்டும் ஒரு முழு நாள் போனது, இரண்டு தகடு பாழானது. நீ பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்ல வாயெடுத்தால் நான் சுத்தியலைக் கீழே போட்டுவிடுவேன். "யாரு செய்றது, நீயா நானா?" என்பேன். நீ வாயை மூடிக்கொள்வாய். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று லயத்துக்கே தெரியும். அப்போது அதை ஒரு பெருமை மாதிரி சுமந்துகொண்டு திரிந்தேன்.

கடைசி ரிவிட்டை அடித்து, நீலச் சாயம் காய்ந்து, பலகையை உள்ளே பூட்டி உன் முன்னால் வைத்தேன். ஒரு பல்லி, ஓர் எறும்பு உள்ளே போக வழி கிடையாது, அப்படி ஒரு பொருத்தம். நீ சுவிட்சைத் தட்டினாய். பச்சை விளக்கு வரிசையாக எரிந்தது. டிவியில் இங்கிலீஷ் எழுத்தில், ஆனால் தமிழில், 'வணக்கம் கேப்டன் வசந்தா' என்று வந்தது. அம்மா கைதட்டினார்.

அப்போது நீ ஒன்று செய்தாய். கப்பலின் விலாவில், இறக்கைக்குக் கீழே, விரலால் மெதுவாகத் தடவினாய். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

"ரொம்ப அழகா இருக்குடா. இன்னொரு நாளு இதுல கொஞ்சம் வேலை இருக்கு."

"என்னா வேலை? அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே" என்று வெடுக்கென்று கேட்டேன்.

நீ சிரித்தாய். பத்து நிமிடத்தில் சுவிட்சை அணைத்துவிட்டாய். அடுத்த மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. உன் மூச்சிழுப்பும் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், என் தோளில் சாய்ந்தபடியே நீ போய்விட்டாய். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அம்மா மின்மினியை எடுத்து உன் போட்டோவுக்குக் கீழே வைத்து மஞ்சள் துணி போட்டு மூடினார். வெள்ளிக்கிழமையானால் துடைத்துப் பொட்டு வைப்பார். யாரும் தொடக் கூடாது. விண்வெளிக் கப்பலுக்குச் சந்தனப் பொட்டு! நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்க்கவே பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போய்விடுவேன்.

வேலையில் உன் பக்கத்து நாற்காலிக்காரி கமலாக்கா மட்டும் வந்து கேட்காமலிருந்தால் அது அப்படியே சாமியாகியிருக்கும். அசாம் ஜாவா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அறைக்கு ஆள் எடுக்கிறார்களாம், மூன்று மாதத்தில் தேர்வாம். மைக்ராஸ்கோப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அந்த லைனில் இன்னும் ரொம்ப நாள் தாங்காது என்று அவருக்கே தெரியும்.

"வசந்தா எனக்குச் சொல்லிக் குடுக்கிறேன்னு சொல்லியிருந்துச்சும்மா. அவ நோட்டு எங்கிட்ட இருக்கு. மிஷின்தான் இல்ல. ஞாயித்துக்கெழம மட்டும் வந்து தட்டிப் பாத்துக்கட்டுமா?"

அம்மா உன் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு, நீ கொடுத்த வாக்கு என்பதால், துணியை எடுத்தார்.

கமலாக்கா உட்கார்ந்தார். 'வணக்கம் கேப்டன் வசந்தா' வந்ததும் மூவருமே தலையைத் திருப்பிக்கொண்டோம். பிறகு வேலை நடந்தது. இருபது நிமிடம். அதோடு எழுத்தெல்லாம் தாறுமாறாகி டிவி முழுக்கக் கோலம் போட்டு நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் மறுபடி பத்து நிமிடம். அப்புறம் ஐந்து. மூன்று ஞாயிறு இதே கதை. ஒரு மாதம் வீணாகிவிட்டது. கமலாக்கா பெட்டியின் மேல் கையை வைத்து வெடுக்கென்று எடுத்தார், ரொட்டி சானாய் போடுகிற கல் மாதிரி சுட்டது.

"நீ வரஞ்ச படம் இருக்கா?" என்று கேட்டார்.

"நான் எங்க வரஞ்சேன்? அக்கா வரஞ்சது" என்று பெட்டியின் பின்னால் சொருகியிருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். விலாப் பக்கத்தைக் காட்டினார். மூன்று வரிசையாகப் புள்ளி.

"இதெல்லாம் எங்க மணியம்?"

"அது நட்சத்திரம். சாயத்துல வச்சிக்கலாம்னு விட்டுட்டேன்."

கமலாக்கா என்னைப் பார்த்தார். "நட்சத்திரம் எங்கயாச்சும் வரிசையில நிக்குமா? காத்து போற ஓட்டை அது. உள்ள சூடு அடைச்சிக்கிட்டு நிக்கிது. இப்படியே ஓட்டினா சில்லு வெந்து போயிரும்."

அக்கா, என் கேள்வி இதுதான். அன்றைக்கு நீ விரலால் தடவியது இந்த இடத்தை. உனக்கு அப்போதே தெரியும். ஏன் சொல்லவில்லை? என் வேலையைக் குறை சொன்னால் சுத்தியலைத் தூக்கி எறிவேன் என்று பயந்தாயா? என் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஒரு நாளாவது விட்டுவைக்க நினைத்தாயா? எது பதில் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டுமே எனக்கு வலிக்கிறது.

ஓட்டை போட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"அவ கை பட்டதுடா. அதப் போயி குத்திக் கிழிக்கப் போறியா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது."

எனக்குக் கோபம் வந்தது. வழக்கம்போல் கத்தப் போனேன். எதிரே உன் போட்டோ. கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன்.

"தப்பு என்னோடதும்மா. அக்கா ஓட்டையோடதான் வரஞ்சிருக்கு. நான்தான் அடைச்சிட்டேன். உள்ள காத்துக்கு வழியே இல்ல. அதான் கொஞ்ச நேரத்துல நின்னுபோவுது."

அம்மா தாளை வாங்கிப் பார்த்தார்.

"மூச்சு முட்டுதா அதுக்கு?"

"ஆமாம்மா."

அம்மா திரும்பி உன் அறை ஜன்னலைப் பார்த்தார். உனக்கு இழுப்பு வந்தால் பனிக்காற்று ஆகாது என்று அம்மா அந்த ஜன்னலை இழுத்துச் சாத்தி, இடுக்கில் துணியும் செருகி வைப்பாரே. "தொறந்து விடுங்கம்மா" என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். ஜன்னல் திறந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அம்மா மட்டும்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், அத்தனை மாதமும், எனக்குக்கூடத் தெரியாமல்.

அம்மா எழுந்தார். மஞ்சள் துணியை மடித்து வைத்தார். நான் பலகையைக் கழற்றி எடுத்ததும் வெறும் கூட்டை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"போடு. நான் ஆடாம புடிச்சிக்கிறேன்."

கை டிரில்லால் ஒவ்வொன்றாகப் போட்டேன், நீ புள்ளி வைத்த இடத்திலேயே. அலுமினியத் தூள் அம்மா புடவையெல்லாம் கொட்டியது. அவர் அழுதுகொண்டேதான் பிடித்திருந்தார், ஆனால் பிடி தளரவில்லை. முப்பத்தாறு முடிந்து டிரில்லைக் கீழே வைத்தேன்.

"போதுமா? வேணும்னா இன்னும் ரெண்டு போடுடா" என்றார்.

பல்லி போகாமலிருக்க என்ன செய்வது என்று நான் தலையைச் சொறிந்தபோது, பால் வடிகட்டுகிற பழைய கம்பி வலையை அம்மாவே தேடி எடுத்து வந்து கொடுத்தார். உள்பக்கம் அளவாக வெட்டி ரிவிட் அடித்தேன். அடுத்த ஞாயிறு காலை கமலாக்கா சுவிட்சைப் போட்டார். மதியம் சோற்றுக்கு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு அம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்டிருச்சு" என்றார்.

ஏழரைக்கு இருட்டத் தொடங்கியதும் இன்னொன்று பார்த்தோம். உள்ளே எரிகிற பச்சை விளக்கு ஓட்டை வழியே கசிந்து, சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாய் விழுந்திருந்தது. நட்சத்திரம்தான் அக்கா. நான் சொன்னதும் முழுத் தப்பு இல்லை என்று கமலாக்காவிடம் வாதாடிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீயாவது ஒத்துக்கொள்.

இப்போது செய்தி. கமலாக்கா தேர்வாகிவிட்டார். வருகிற மாதம் கம்ப்யூட்டர் அறைக்குப் போகிறார். சொல்ல வந்தவர் ஒரு டப்பா லட்டை முதலில் மின்மினியின் முன்னால் வைத்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுத்தார். திரையில் வருகிற பெயரை மாற்றிவிடலாமா என்று நான் கேட்டதற்கு, "கேப்டன மாத்துவாங்களா யாராச்சும்?" என்றார். அவர் லைனிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் ஞாயிறுதோறும் வருகிறார்கள். ஒருத்தி சுங்கை பஞ்சாங்கிலிருந்து வருகிறாள், எத்தனை பஸ் மாறுவாளோ. வெறும் பலகை ஒன்று வாங்கிவிட்டாள், பெட்டி செய்து தரச் சொல்கிறாள். பறக்கும் தட்டு மாதிரி வேண்டுமாம். படத்தை வாங்கியதும் முதல் கேள்வியாக, ஓட்டை எங்கே என்று கேட்டேன்.

அம்மா நன்றாக இருக்கிறார். செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கப் போகிறார். முட்டி வலி உண்டு, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உன் அறையில்தான் படுக்கிறார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

ஒரே ஒரு வாக்கு கொடுக்கிறேன் அக்கா. இனிமேல் நான் செய்த வேலையை யாராவது இப்படி விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சும்மா சிரித்தால், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நானே கேட்பேன், என்ன குறை என்று. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

உன் கப்பலுக்குத் தகரம் அடித்த,
கோபக்காரத் தம்பி,
மணியம்