வெள்ளிக்கிழமைச் சாவி

786

மஞ்சக்குப்பம், கடலூர்
திங்கட்கிழமை

அன்பு மகன் ஹாமிதுக்கு அம்மாவின் ஸலாம். மழை விட்டு இரண்டு நாளாகிறது, முற்றத்து வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், இங்கே எல்லோரும் நல்லபடி இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். மஸ்கட்டில் உன் உடம்புக்கும் உன் வேலைக்கும் குறைவில்லாமல் இருக்க ஐந்து வக்தும் துஆ செய்கிறேன். உன் ரூமில் இருக்கும் தவ்ஹீத் லீவு முடிந்து நாளை விமானம் ஏறுகிறான், அவன் பையில் இந்தக் கடிதமும் இறால் பொடியும் வருகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அதில் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய், எனக்குச் சொல்ல வராது. விஷயம் உன் காரைப் பற்றி.

போன புதன்கிழமை மழைக்குக் காலேஜ் லீவு விட்டதும், அண்ணாமலை நகர் ஹாஸ்டலிலிருந்து உன் அக்கா மகள் தஸ்னீமை அழைத்து வர அவள் அத்தா வதூது உன் காரை எடுத்துப் போனார் அல்லவா. திரும்பி வருகையில் ஆலப்பாக்கத்துக்கு முன்னால் ரோடே தெரியவில்லையாம், வயலும் வானமும் ஒரே வெள்ளையாகக் கிடந்ததாம், தண்ணீருக்கு மேல் ஒரு மைல்கல் மட்டும் மஞ்சள் தலையோடு நின்றதாம். எதிரே வந்த லாரி தள்ளிய அலை பானெட் மேல் ஏறி இறங்க, வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. வதூது மறுபடி ஸ்டார்ட் பண்ணப் போனார். அத்தா, கைய எடுங்க, தண்ணி உள்ள பூந்திருந்தா இன்ஜின் ராடு வளைஞ்சிடும் என்று சாவியையே உருவிக்கொண்டாளாம் இவள். லைசென்ஸ் எனக்கா உனக்கா என்று அவர் கேட்க, ஓட்டுறது நீங்க, இன்ஜின் எங்க டிபார்ட்மெண்ட் என்றாளாம். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள், என் பேத்தி மெக்கானிக்கல் படிக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, நீ சிரிக்காதே.

அன்று சாயங்காலம் நீ போனில் என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. தண்ணி பூந்த வண்டி இனிமே தலைவலிம்மா, கேக்குறவங்களுக்குக் குடுத்துடுங்க, மூணு வருஷமா நிக்குது, யாருக்காக வெச்சிருக்கணும் என்றாய். நான் போனைத் தஸ்னீமிடம் கொடுத்துவிட்டேன்.

யாருக்காக என்று இப்போது சொல்கிறேன். நீ போகும்போது, வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் விடுங்க, இல்லாட்டி பேட்டரி படுத்துடும் என்று சொல்லி, நியூட்ரலில் சாவி திருப்ப மட்டும் எனக்குக் காட்டிக் கொடுத்தாய். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை. ஆம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போனதும் தெரு அடங்கிவிடும். கொட்டகைக் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு உன் சீட்டில் உட்கார்வேன், சாவியைத் திருப்புவேன். ஸ்டீயரிங்கில் கை வைத்தால் ஒரு சின்ன நடுக்கம் உள்ளங்கையில் ஏறும். கண்ணை மூடிக்கொண்டால் எங்கெங்கோ போகும் வண்டி. திருவந்திபுரம் பாலத்தில் கெடிலத்தைத் தாண்டும், தேவனாம்பட்டினத்துப் படகுகளை ஒட்டிப் போகும், அங்கே நிற்காமல் கடலுக்குள்ளேயே இறங்கி நனையாமல் போய்க்கொண்டிருக்கும், அந்தக் கரையில் நீ குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு நிற்பாய். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து செருப்புச் சத்தம் கேட்டால்தான் அணைப்பேன். அது பத்து நிமிஷம் இல்லை, முக்கால் மணி நேரம். பெட்ரோல் ஏன் இவ்வளவு ஆகுது என்று நீ கேட்டபோது மச்சான் ஓட்டுறார் என்று சொன்னது பொய். அல்லாஹ் மன்னிக்கட்டும், வதூதும் மன்னிக்கட்டும்.

இப்போது நடந்ததைக் கேள். மெக்கானிக் ஆண்டி அண்ணன் வீட்டிலும் தண்ணீர், சனிக்கிழமைதான் வர முடியும் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தது, பாங்கு சொன்னார்கள், ஆம்பிளைகள் போனார்கள், என் கால் தானாகக் கொட்டகைக்குப் போய்விட்டது. வெள்ளமும் ராடும் எதுவுமே நினைவில் இல்லை ஹாமித், கிழமைதான் நினைவில் இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை, ஒரு விளக்குகூட எரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. உன் வண்டியை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று ஸ்டீயரிங் மேல் தலையை வைத்து அழுதேன். தஸ்னீம் வந்து கதவைத் திறந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள். நன்னிமா, பேட்டரி வயர நேத்தே கழட்டி வெச்சிட்டேன், வெள்ளிக்கிழமை ஆனா உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரியும் என்றாள். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் ஆண்டி வந்தார். ஏர் ஃபில்டரைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது, ஆயில் பார்க்கிற கம்பியின் நுனி பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. நான் சலவாத்து ஓதிக்கொண்டே நின்றேன். நான்கு ப்ளக்கையும் கழற்றிவிட்டு, ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இன்ஜினைச் சுற்றிப் பார்த்தார். தடையில்லாமல் சுற்றியது. ராடு நேராத்தாம்மா இருக்கு, யாரோ சாவிய நேரத்துல புடுங்கியிருக்காங்க என்றார். பிறகு வயரை மாட்டிச் சுற்றவிட்டபோது ப்ளக் இருந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்து வதூதின் சட்டையெல்லாம் நனைந்தது. பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினார், கொஞ்ச நாளில் அதையும் மாற்ற வேண்டுமாம். நேற்று எல்லாம் காய்ந்து மாட்டியதும் சாவியை என்னிடமே நீட்டி, நீங்களே போடுங்க, உங்க கைக்குப் பழக்கம் என்றார். முதல் தரம் இருமியது, இரண்டாவது தரம் அதே பழைய நடுக்கம். ஆகையால் கொடுக்கிற பேச்சு இனி வேண்டாம்.

அங்கேயும் மழை வந்தால் வாதி என்கிற வறண்ட ஆற்றில் தண்ணீர் புரண்டு வருகிறதாமே, அதில் வண்டியை இறக்காதே, அவசரம் என்றாலும் நின்று வா. இனிப்பைக் குறை, தொழுகையை விடாதே. ஈமானோடும் நீண்ட ஆயுளோடும் அல்லாஹ் உன்னை வைத்திருக்கட்டும். ஒன்று மறந்துவிட்டேன், கார்ப்பெட் காய வைக்க உன் சீட்டைக் கழற்றியபோது அது முன்னும் பின்னும் நகர்கிற கம்பியில் பின்னாலிருந்து எத்தனையாவது பல்லில் இருந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டேன். நான்காவது. திரும்ப அதே பல்லில்தான் மாட்டச் சொன்னேன். அதில் உட்கார்ந்தால் என் கால் மிதிக்கட்டைக்கு எட்டாது, சாவிக்குக் கை எட்டும், எனக்கு அது போதும், மிதிக்கிறவன் நீ வா.

உன் அம்மா
அஜீசுன்னிசா