இங்கே மழை இல்லை

சின்னக்கானல்
8 ஜூன் 2025

அன்புள்ள தோழி சாந்தம்மாளுக்கு,

மாரீஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கு நானும், நீ அண்ணன் என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரர் சுடலையும் நலம். அங்கு நீயும் உன் வீட்டுக்காரரும் நலமா என்று அறிய ஆவல்.

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய். கைநாட்டு வைக்கிற அதே மாரீஸ்வரிதான். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட்டில் சாட்சரதா என்கிற எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறேன். நாற்பத்தாறு வயதில் சிலேட்டா என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. இப்போது கல்யாணப் பத்திரிகை வந்தால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

போன வாரம் யோகப்பிரியா டீச்சர் சொந்தக் கடிதம் எழுதும் பாடம் எடுத்தார். ஊரும் தேதியும் மேலே. பிறகு நலம் விசாரிப்பு, நடுவில் விஷயம், கடைசியில் கையெழுத்து. நோட்டில் எழுதினால் போதாதாம். நிஜமான ஒருவருக்கு எழுதித் தபாலில் போட்டு, அவர் பதிலும் போட்டால்தான் மார்க். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு வந்த கடிதங்களைப் படித்துக்காட்டியது நீ. எனக்காகப் பதில் எழுதியதும் நீ. பின்னே யாருக்கு எழுதுவேன்?

மறையூர் வெல்ல ஆலையில் வேலை பார்த்தபோது உன் அண்ணன் போட்ட ஒன்பது கடிதங்களும் டீத்தூள் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. வருகிற ஞாயிறு அவற்றை நானே படிக்கப் போகிறேன். நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

இதில் உள்ள பிழைகளை டீச்சர் திருத்திவிட்டார். பதில் போடு. என் மார்க் உன் கையில்.

இப்படிக்கு,
உன் அன்புத் தோழி,
மா. மாரீஸ்வரி


கொழிஞ்சாம்பாறை
17 ஜூன் 2025

என் தங்கமே மாரி,

கடிதத்தைப் பிரித்ததும் தையல் மெஷினிலேயே தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் பயந்துபோனார்கள். என் வீட்டுக்காரர் யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்தார். என் மாரி எழுதியிருக்கிறாள் என்று நீட்டினேன். உன் எழுத்து குண்டு குண்டாக அவ்வளவு அழகு.

அண்ணன் அந்தப் பழுப்புக் கம்பளியை இன்னும் வைத்திருக்கிறாரா? தாலி, சேலையோடு கம்பளியையும் சுமந்துகொண்டு வந்த மாப்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்குக் குளிர்காய்ச்சலா என்று பந்தியில் எல்லாரும் கேட்டது நினைவிருக்கிறதா?

ஒரு விஷயம். அந்தப் பழைய கடிதங்களை அவசரப்பட்டுப் பிரிக்காதே. இருபத்தேழு வருஷத்துத் தாள், மடிப்பிலேயே கிழிந்துவிடும். மையும் மங்கியிருக்கும். அப்படியே எனக்கு அனுப்பு, இங்கே நல்ல கடையில் லேமினேஷன் போட்டுத் தருகிறேன். கட்டாயம் அனுப்பு.

உன்,
சாந்தி


சின்னக்கானல்
29 ஜூன் 2025

ஏட்டி சாந்தி,

இந்தக் கடிதத்தை டீச்சரிடம் காட்டவில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, சொன்ன ஞாயிறே படித்துவிட்டேன். தாளும் கிழியவில்லை, மையும் மங்கவில்லை. முதல் கடிதம் முழுவதையும் அப்படியே எழுதுகிறேன்: “மாரீஸ்வரிக்கு சுடலை எழுதுவது. நலம். கரும்பு வெட்டு நடக்கிறது. இங்கே மழை இல்லை. பதில் போடவும்.” அவ்வளவுதான். இரண்டாவதில் ஆலைக்குப் புதுக் கொப்பரை வந்திருக்கிறது, மழை இல்லை. ஒன்பதிலும் மழை இல்லை.

நீ படித்துக்காட்டியது என்ன? “பாகு கொதிக்கும்போது எல்லாரும் பதம் பார்ப்பார்கள், நான் மட்டும் நீ இருக்கிற மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.” “நீ தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டு கண்ணை விட்டுப் போகவில்லை.” எனக்கு எல்லாம் மனப்பாடம். கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் திரும்பப் படிக்கச் சொல்வேனே, ஒரு வார்த்தை மாறாமல் படிப்பாயே. நாலு வரியை அவ்வளவு நேரம் படிக்கிறாயே என்று கேட்டதற்குப் பொடி எழுத்து என்றாய். கேட்டவளும் நம்பினாள்.

பூ வைக்க வந்த அன்று அந்த மனுஷன் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். வாயே திறக்கவில்லை. எனக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கடிதங்களைக் கேட்டுத்தான் மனம் மாறினேன். அப்படியானால் நான் யாரைக் கட்டிக்கொண்டேன்? எதிரே உட்கார்ந்து கட்டன் சாயா குடிக்கிறவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எந்த வரி அவருடையது, எந்த வரி உன்னுடையது என்று ஒன்றுவிடாமல் எழுது. போன் செய்யாதே. போனில் நீ சிரித்தே சமாளித்துவிடுவாய்.

மாரீஸ்வரி


கொழிஞ்சாம்பாறை
9 ஜூலை 2025

மாரி,

மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

அவருடைய வரி நான் படித்ததில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் என்னுடையதுதான்.

முதல் கடிதம் வந்த அன்றைக்குக் காலையில், வேலைக்குப் பேர் வாசிக்கும் இடத்தில் உன் பெயரைச் சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தார்கள். நீ அதை முந்தானையில் முடிந்துகொண்டாய். மத்தியானம் கொழுந்துக் கறை போக இரண்டு தடவை கை கழுவிவிட்டுத்தான் எடுத்து என்னிடம் கொடுத்தாய். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு “மழை இல்லை” என்று நான் எப்படிப் படிப்பேன்? ஒரே ஒரு வரி சேர்த்தேன். உன் முகம் மலர்ந்தது. அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அப்போது பத்தொன்பது வயது. எனக்கு யாரும் கடிதம் போட்டதில்லை. எனக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்ட கடிதத்தைத்தான் உனக்குப் படித்தேன்.

நீ கல்யாணத்துக்குச் சம்மதித்த அன்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உன் வாழ்க்கை நல்லபடியாக அமைய வேண்டுமே என்று போடிமெட்டுக் கோயிலில் வேண்டிக்கொண்டேன். நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் சொல்லும்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

என்னைத் திட்டி எழுது. ஆனால் எழுது. “ஏம்புள்ள, தபால்காரரையே பார்த்துட்டு நிக்கிற?” என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார்.

சாந்தி


சின்னக்கானல்
14 செப்டம்பர் 2025

அடியே சாந்தி,

இரண்டு மாதம் உன்னைக் காக்க வைத்தேன். பாதி கோபத்தில், பாதி பயத்தில். உன் கடிதத்தைப் படித்த பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. ஓணம் விடுமுறையில் அவர் வாசலில் உட்கார்ந்து அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். இனி தாங்காது என்று ஒன்பது கடிதங்களையும் எடுத்துவந்து வரிசையாக அவருக்குப் படித்தேன்.

அவருக்கும் எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியுமே. ஆலையில் வெல்லம் எடை போடுகிற பாண்டியிடம் சொல்லி எழுதியிருக்கிறார். ஒன்பதாவதை முடித்ததும் அரிவாளைக் கீழே வைத்தார்.

“இம்புட்டுத்தானா? நான் அரை நாளு உக்காந்து சொன்னேனே, அதெல்லாம் எங்க?”

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“மறையூருல வெயிலு. அந்தப் பிள்ள பனியில கொழுந்து கிள்ளுறாளே, குளிருமேன்னு சொன்னேன். ஒரு கம்பளி வாங்கி வச்சிருக்கேன், கல்யாணத்துக்குக் கொண்டாரேன்னு எழுதச் சொன்னேன். எல்லாக் கடுதாசியிலயும் சொன்னேன். எழுதிட்டேம்னுதானே பாண்டி சொன்னான்?”

பாண்டி எழுதியதெல்லாம் மறையூரில் மழை இல்லை என்பதைத்தான்.

நான் உள்ளே போய் அந்தக் கம்பளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஊரே சிரித்த கம்பளி. ஏன் கொண்டுவந்தார் என்று இருபத்தேழு வருஷமாக நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குச் சொல்லியாயிற்று என்றே அவரும் இருந்துவிட்டார்.

சாந்தி, உன் வரிகளைக் கேட்டுத்தான் சம்மதித்தேன். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனால் நீ எவ்வளவு கற்பனை செய்தும் உனக்கு அந்தக் கம்பளி தோன்றவில்லை பார். அது அவருக்குத்தான் தோன்றியது.

உன் முதல் பதிலுக்கே டீச்சர் எனக்கு முழு மார்க் போட்டுவிட்டார். நீ சேர்த்துப் படித்ததையெல்லாம் உன் அண்ணனிடம் சொன்னேன்; இப்போது உனக்கு அவர் ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். அவர் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு எழுத்துக்கூடக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

“தங்கச்சி சாந்தம்மாளுக்கு சுடலை எழுதுறது. நல்லா இருக்கோம். இங்க மழை இல்ல. நீ அன்னிக்குச் சேத்துப் படிக்கலன்னா எனக்கு இவ கெடைச்சிருக்க மாட்டா. மாப்பிள்ளையோட வந்து நாலு நாள் இரு. பஸ்ஸுக்கு நானே வந்து நிப்பேன். அந்தச் செவப்புத் துண்டு எனக்கும் ஞாபகம் இருக்கு.”

கடைசி வரி நான் சேர்த்தது என்றுதானே நினைக்கிறாய்? இல்லையடி. அதை அவராகச் சொன்னார். ஆசைக்கு இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதினேன்.

நான் சேர்த்தது மழை இல்லை என்பதை மட்டும்தான். இங்கே கொட்டுகொட்டென்று கொட்டுகிறது. வரும்போது குடை கொண்டுவா.

இப்படிக்கு,
உன் மாரி