அழித்துவிட்டதாகச் சொன்ன முகங்கள்

இத்தனை காலம் வாய்மூடி இருந்தது போதும். இன்று காலை தொழிற்பேட்டைச் சாலையில், நடப்பவர்களுக்கான சிக்னல் பச்சையாகிக் கத்தியது. கூட்டத்தோடு நானும் கடந்தேன். அந்தக் கம்பத்தில் உன் கண்ணீர் அஞ்சலிப் படம். ‘பாதசாரிகளின் காவலர்’ என்று போட்டிருக்கிறார்கள்.

சிக்னல் வருவதற்கு முன், அங்கே டீக்கடை மாடியில் கேமரா வைத்து நாம் உட்கார்ந்திருந்தோம். மக்கள் எங்கே கடக்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்பதுதான் நம் ஆய்வு. அன்றன்றே முகங்களை மங்கலாக்கி, மூலப் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது நாம் வைத்துக்கொண்ட விதி. எதிரே இருந்த கம்பெனியின் பெண்களிடம் அதைச் சொல்லிச் சம்மதம் வாங்கியவன் நீ.

“மூஞ்சி தெரியாதுல்ல அண்ணாத்தே?” என்று ஒருத்தி கேட்டாள். வெள்ளானூர்க்காரி. வேலை நேரத்தில் கேட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அவளுடைய அக்கா கைக்குழந்தையோடு சாலைக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பாள். பால் கொடுக்க இவள் ஓடி வருவாள்.

“உன் புருசனுக்கே அடையாளம் தெரியாது, போம்மா.”

“அந்தாளுக்கு நேர்ல பாத்தாலே தெரியாது!” என்று சிரித்தபடி போனாள்.

கம்பெனி நம் வீடியோவைக் காட்டி அவளை வேலையை விட்டு அனுப்பிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. டீக்கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “ரோட்ட தாண்டுனதுக்கு வேலை போவல அண்ணாத்தே. உங்கள நம்புனதுக்குப் போச்சு.”

கோவில்பதாகையில் உன் வீட்டுக்கு வந்து கேட்டேன். “அழிச்சிட்டேன்னு சொன்னியேடா?”

நீ பொய் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. “கம்பெனிதான் சிக்னல் போட்டுத் தருது. மங்கலாக்காத வீடியோ கேட்டாங்க, குடுத்தேன். ஒரு மூஞ்சிக்கு ஒரு சிக்னல், நஷ்டமா மச்சான்?”

அதற்குப் பின் அங்கே யாரும் வண்டியில் அடிபடவில்லை. அதை நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாமல் போனதுதான் என் எரிச்சல். ஆனால் கொடுக்க அது உன் முகமா? நகரம் முழுக்கக் கேமரா வைக்கும் குழுவில் உனக்கு நாற்காலி கிடைத்தது. ஆய்வறிக்கையில் என் பெயரை அடித்துவிட்டாய். அதையும் நான் மன்னிக்கவில்லை.

எங்கே போனாலும் இப்போது முதலில் கேமராவைத்தான் தேடுகிறேன். நீ எனக்கு விட்டுப்போனது இந்தப் பார்வை ஒன்றுதான்.

உனக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். இதைத் தபாலில் அனுப்புகிறேன். கீழே என் பெயரைப் போட்டால் என்னிடம் வந்து நம் ஆய்வைத் தோண்டி, அவளைத் தேடிப் போவார்கள். அவள் இப்போது வேறிடத்தில் வேலையில் இருக்கிறாள். அவளுடைய ஊரைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கையெழுத்து இல்லாமலே போகட்டும்.