தக்கை சாயும்போது

ஜாஸ்பர், டெக்ஸாஸ்
ஜனவரி 17, 2016

அன்புள்ள மார்வா,

இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கை. தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லி இங்கே பயிற்சி கொடுக்கும் பெண்ணின் கட்டளை. போனில் பேசலாம் என்றால் நாக்கு இன்னும் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. காலையிலேயே குடித்துவிட்டேன் என்று நினைப்பாய்.

அக்டோபரில் எனக்குப் பக்கவாதம் வந்தபோது நீ ஆஸ்பத்திரி நாற்காலியில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தாயாம். மகள் ரெனே சொல்லித்தான் தெரியும். நன்றி. இங்கே அவள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் உப்பில்லாத கோழி. மருமகன் கிளின்ட் தங்கமானவன். ஆனால் பெரிய ஏரிக்குப் பத்து நிமிட தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு டிவியில் கோல்ஃப் பார்க்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கொட்டகையில் நிற்கும் என் படகை விற்றுவிடு. தூண்டில் கோல்கள் எட்டையும் நீயே வைத்துக்கொள். வலது கை தூக்க வருகிறது, விரல்கள் மூடுகின்றன, அவ்வளவுதான். முப்பது வருடம் பாஸ் மீன் பிடித்தாயிற்று. ஐயோ பாவம் என்று ஏதும் எழுதிவிடாதே.

ட்வைலா


ஸ்காட்ஸ்பரோ, அலபாமா
பிப்ரவரி 8

ட்வைலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து புரிகிறது. என் முதலாண்டு வேதியியல் மாணவர்களின் எழுத்தைவிட மேல்.

படகை விற்கவில்லை. முடியாது என்று எழுதியிருக்கிறாய். முயன்று பார்த்ததாக எழுதவில்லை. அதனால் உனக்குப் பதிலாக நான் முயன்றேன். மூன்று சனிக்கிழமைகள், வலது கை விரல்களை முஷ்டியாக்கித் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு படகுத்துறை மேடையில் நின்றேன். இரைக் கடை ஹாய்ட் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்.

"என்ன டீச்சர், கை ஒடிஞ்சுபோச்சா?"

"இல்ல ஹாய்ட்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கட்டு?"

"ஒரு சோதனை."

"யாரு குடுத்த சோதனை? எனக்கு வேணா வீட்டுல ஒண்ணு இருக்கு, நாற்பது வருஷமா!"

கிடைத்த முடிவு இது. இடது கையால் எறிந்துவிட்டு, கோலின் அடியை வலது அக்குளில் செருகி, முன்கையோடு ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டிக்கொண்டால் தூண்டில் நரம்பைச் சுருட்டும் ரீலைச் சுற்ற இடது கை விடுதலையாகிறது. மீன் மாட்டியதும் மணிக்கட்டால் சுண்டாமல் இடுப்போடு திரும்ப வேண்டும். ஆறு வகைப் போலி இரைகளைக் கட்டிப் பார்த்தேன். சுழலும் தகடு வைத்தது தோளை அரை மணியில் முறித்துவிடுகிறது. ஆழத்துக்குப் பாயும் கட்டை மீன் அதைவிட மோசம். தண்ணீருக்கு மேலே துள்ளும் இரைக்கு மணிக்கட்டு வேண்டும். ரப்பர் புழுவுக்கு எதுவும் வேண்டாம். அடியில் போட்டுவிட்டு மெல்ல இழுத்தால் போதும். இரண்டு பிடித்தேன். புழு உன் ராஜ்யம். கல்லா, கட்டையா, மீனா என்று நரம்பு வழியாகவே சொல்கிறவள் நீ. உனக்குப் பிடித்த ஊதா நிறத்தில் ஒரு டஜனும் பட்டையும் இத்துடன் வருகின்றன.

மார்வா


ஜாஸ்பர்
பிப்ரவரி 21

மார்வா,

போனேன். கிளின்ட் கடையில் ஒரு கோல் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனான், சின்னப் படகுத்துறைக்கு. நீ சொன்னபடி அக்குளில் செருகினேன், கட்டினேன், எறிந்தேன். எறிதல் நன்றாகவே விழுந்தது. அதுவரைக்கும் சந்தோஷம்தான்.

பிறகு கிளின்ட் கத்தினான். "அத்தை, நரம்பு ஓடுது பாருங்க! பக்கவாட்டுல ஓடுது!" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் சுண்டுவதற்குள் மீன் புழுவைத் துப்பிவிட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை பையன் பொறுக்கமாட்டாமல் என் கையிலிருந்து கோலைப் பிடுங்கிவிட்டான். நல்ல மனசோடுதான் பிடுங்கினான். "குடுப்பா, போதும், வீட்டுக்குப் போலாம்" என்றேன். 

நீ கட்டிவைத்தது நல்ல கையை, மார்வா. அது கட்டினாலும் உணரும். என் கையில் விரல் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. கொதிக்கிற காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் போன வாரம். ரெனே பார்த்து அலறிய பிறகுதான் விட்டேன்.

இனி எதுவும் அனுப்பாதே. படகை விற்றுவிடு. உன் மேல் கோபம் இல்லை.

ட்வைலா


ஸ்காட்ஸ்பரோ
மார்ச் 13

ட்வைலாவுக்கு,

தப்பு என்னுடையது. பலத்தைக் குறைத்துவிட்டுச் சோதித்தேன்; குறைந்திருப்பது உணர்ச்சி என்று தோன்றவே இல்லை. ஒரு மாணவி இப்படிச் செய்திருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

எனவே மறுபடி செய்தேன். ஹாய்டின் கடையில் ஒரு வாளி ஐஸ் வாங்கி, வலது கை மரத்துப்போகும்வரை அதில் அமிழ்த்திவைத்துவிட்டு எறிந்தேன். மரப்பு விட்டதும் மறுபடி வாளிக்குள். (ஹாய்ட் என் தங்கைக்குப் போன் செய்வதாக மிரட்டினார்.) புழுவுக்கு ஒன்பது முறை நரம்பு நகர்ந்ததைப் பக்கத்தில் நின்ற அவர் பார்த்தார். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. அப்போதுதான் உன் கடிதம் எனக்கு முழுதாகப் புரிந்தது. இடது விரலால் நரம்பைத் தொட்டுக்கொண்டும் பார்த்தேன்; கடித்தது தெரிகிறது, ஆனால் அதே கை ரீலுக்கு ஓட வேண்டும். மீன் காத்திருப்பதில்லை.

விரலுக்குத் தெரியாவிட்டால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழிக்காதே. தக்கை.

ஆமாம், தக்கை. சின்னப் பிள்ளைகள் புளூகில் மீன் குஞ்சு பிடிக்கக் கட்டுகிற சிவப்பும் வெள்ளையுமான தக்கை. பாஸ் பிடிக்கிற ஒருத்தி அதைக் கட்டினால் இந்த ஆற்றங்கரை முழுக்கச் சிரிக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கிழக்கே டென்னஸி மலை ஏரிகளில் குளிர்காலத்தில் வளர்ந்த ஆண்களே வெட்கமில்லாமல் இதைச் செய்கிறார்கள். தக்கைக்குக் கீழே ஆறடியில், ஈயக் குண்டு வைத்து ரோமம் கட்டிய ஒரு சின்னத் தூண்டில் முள். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அலை தக்கையை ஆட்டும், தக்கை முள்ளை ஆட்டும். பெரும்பாலும் தக்கை மூழ்குவதுகூட இல்லை. பாஸ் கீழிருந்து வந்து முள்ளை வாயில் வாங்கி மேலே தூக்குவதால் பாரம் போய்த் தக்கை பக்கவாட்டில் சாய்ந்து படுக்கிறது. சாய்ந்ததும் உடம்போடு திரும்பு. மரத்த கையோடு ஐந்தில் நான்கு பிடித்தேன். ஹாய்ட் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஒரு தக்கை கேட்டார்.

மூன்று தக்கைகளும் ஆறு முட்களும் அனுப்புகிறேன். எதுவும் அனுப்பாதே என்றாய். மன்னித்துக்கொள்.

மார்வா


ஸ்காட்ஸ்பரோ
ஏப்ரல் 4

ட்வைலாவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. ரெனேயைக் கூப்பிட்டேன். "அம்மா பெட்டியப் பிரிச்சுப் பார்த்துட்டு மூடி வச்சுட்டாங்க ஆன்ட்டி" என்றாள்.

அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு முறை சொன்னாய். மூன்றாவது முறையும் சொல்லவைப்பது உதவி அல்ல, பிடிவாதம். ஃபோர்ட் பெயினிலிருந்து ஒருவர் பதினாறாம் தேதி சனிக்கிழமை வந்து படகை எடுத்துக்கொள்கிறார். அமைதியான மனிதர், மனைவிக்காக வாங்குகிறார்.

படகு போவதற்குள் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இதெல்லாம் வாயில் வராது என்பது உனக்குத் தெரியும். க்ளென் என்னை விட்டு வேறொரு வீட்டுக்குப் போன அந்த வசந்தத்தில் நான் தினமும் படகுத்துறையில் காரை நிறுத்திக்கொண்டு தேர்வுத்தாள் திருத்துவேன். வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக. ஒரு நாள் நீ கண்ணாடியைத் தட்டி, "ஏய், சும்மாதானே உக்காந்திருக்கே? மீன் பிடிக்க வர்ற என் ஜோடிக்காரிக்கு ஜுரம். வா" என்றாய். நான் தூண்டில் பிடித்ததே இல்லை என்றேன். "நான் கேட்டேனா?" என்றாய். அந்த ஆண்டு முழுவதும் எத்தனை சனிக்கிழமை போனோம்! ஒரு தடவைகூட நீ என்னிடம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நரம்பு எங்கே விழ வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் திட்டினாய். ஊரில் மற்ற எல்லோரும் கேட்டார்கள். நீ கேட்காததால்தான் நான் நிமிர்ந்தேன்.

பதினொரு வருடமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். நன்றி, ட்வைலா. மீன் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நீ எனக்கு அதே ஆள்தான்.

மார்வா


ஜாஸ்பர்
ஏப்ரல் 10

என் அன்பு மார்வா,

படகை விற்காதே! அந்த அமைதியான மனிதரிடம் என்மேல் பழியைப் போட்டுவிடு. ரெனே போனில் சொல்லட்டுமா என்றாள்; என் கையாலேயே எழுதுகிறேன் என்றேன். அவசரத் தபாலில் வருகிறது.

பெட்டியை மூடியது கோபத்தில் அல்ல. வெட்கத்தில். தக்கை கட்டுகிறவர்களை நான் எத்தனை பேர் முன்னால் கிண்டல் செய்திருக்கிறேன்! உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்தேன். கொஞ்ச நேரம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், ரெனேக்குக் கேட்காமல். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே ஜோடி இல்லை. ஆனால் நீ சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், திருப்பித் தரமாட்டேன்.

நேற்றுக் காலை கிளின்ட்டிடம், "கிளம்பு, ஆனா நான் கூப்பிடுற வரைக்கும் கோலத் தொடக்கூடாது" என்றேன். "சத்தியமா தொடமாட்டேன் அத்தை" என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். துறையில் தொப்பிக்காரர்கள் நாலு பேர். ஒருவன் என் தக்கையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பேரப்புள்ளைக்குப் பிடிக்கக் கத்துக்குடுக்குறீங்களா?" என்றான். "ஆமா, புள்ள எங்க காணோம்னு பார்த்தேன், நீதானா அது? வா, உக்காரு" என்றேன். நாக்கு குழறியது. ஆனாலும் அவனுக்குப் புரிந்தது. மற்ற மூவருக்கும் நன்றாகவே புரிந்தது.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. தக்கை ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு ஆடாமல் நின்றது. பிறகு, யாரோ அலுத்துப்போய்ப் படுப்பதுபோல, சாய்ந்தது. எனக்கு விரலில் ஒன்றும் தெரியவில்லை, மார்வா, சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை. கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கோல் வளைந்தது. அக்குளில் இடித்தது தெரிந்தது, விலாவில் தெரிந்தது. மீன் இரண்டு முறை வெளியே குதித்தது. கரைக்கு ஓரமாகக் கொண்டுவந்துவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இடது கை ரீலில், வலது கைக்கு மீனின் வாயைப் பிடிக்கத் தெரியாது, கிளின்ட்டுக்கு மீன் என்றால் பயம்.

முப்பது வருடத்தில் என் மீனை வேறொருவர் தொட்டதில்லை. அந்தத் தொப்பிக்காரனைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் வலையில வாங்குறியா?" என்றேன். வாயைத் திறந்து ஒருவரிடம் உதவி கேட்டது அக்டோபருக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவன் பேன்ட்டோடு முழங்கால்வரை இறங்கி வலையில் அள்ளினான். "அக்கா, நாலு பவுண்டு தேறும்" என்றான். கடைசியில் தக்கையை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டான். சொல்லவில்லை.

மீனை இடது கையால் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன், வாலை உதறும்வரை. உதறியது முழுதாகத் தெரிந்தது.

மே மாதம் கல்லூரி விடுமுறை விட்டதும் படகை இழுத்துக்கொண்டு வா. மீனை வலையில் வாங்க எனக்கு ஆள் வேண்டும். எல்லா மீனுக்கும் உன்னைத்தான் கேட்பேன், கேட்டுக்கொண்டே இருப்பேன், சலித்துக்கொள்ளாதே. கிளம்புவதற்கு முன் டிரெய்லர் சக்கரத்துக்கு கிரீஸ் போடு.

ட்வைலா