துவைக்கிற கல்லின் மேல்

முக்கூடல்,
14.7.1996

கர்த்தருக்குள் பிரியமான மகள் எப்சிபாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உனக்கும், மாப்பிள்ளை தேவஇரக்கத்துக்கும், நான் இன்னும் முகம் பார்க்காத பேத்தி பியூலாவுக்கும் சமாதானம் உண்டாவதாக. மார்ச் மாதம் நீ போட்ட கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரிசா மலையில் தபால்காரர் பாதி வழி நடந்துதான் வரவேண்டும் என்று எழுதியிருந்தாய். ஆகையால் நான் குறை சொல்லவில்லை.

இங்கே சாரல் பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. கீழ்ப்படிக்கு இறங்கப் பயந்து மேல்படியிலேயே செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறேன். காது முன்னைவிட மந்தம். முப்பத்திரண்டு வருஷம் கோயில் மணி அடித்தவனுக்கு அது கூலி. பாளையங்கோட்டை டாக்டர் காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டில் பேச ஆள் இருந்தால்தானே கேட்பதற்கு?

இனி சந்தோஷச் செய்தி. சபையார் எனக்கு மாதாமாதம் கொடுத்த உதவியை, உங்கள் மலை ஊழியத்துக்கே அனுப்பிவிடச் சொன்னேன் அல்லவா? அதற்குப் பிறகு இந்தப் பத்து மாதமாகக் கர்த்தரே என்னைப் போஷிக்கிறார். உன் அம்மா இந்த வீட்டுக்கு வைத்துப்போன சட்டம் உனக்குத் தெரியும். தேவையைத் தேவன் காதில் போடு, மனுஷர் காதில் போடாதே. அதன்படி விடிய நாலரைக்கு முழங்காலில் நின்று, அக்கம்பக்கத்தார் எழுந்துவிடாதபடி மெதுவாகக் கேட்கிறேன். ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தால், பின்வாசலில் துணி துவைக்கிற கல்லின் மேல் கேட்டது இருக்கிறது! அரிசி கேட்டால் அரிசி. தீப்பெட்டி கேட்டால் தீப்பெட்டி. போன மாதம் காய்ச்சலில் வாய் கசந்து கிடந்தபோது, "ஆண்டவரே, ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய்" என்று சிறுபிள்ளை மாதிரி கேட்டேன். மறுநாளே வந்துவிட்டது. பீடி இலையில் மடித்திருந்தது. யார் வைத்திருப்பார் என்று யோசித்தேன். இந்த ஊரில் பீடி இலை இல்லாத வீடு ஏது? வேதத்தில் பஞ்சகாலத்துத் தீர்க்கதரிசிக்குக் காகம் அப்பம் கொண்டுவந்தது போலத்தான் என்று யோசனையை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். போதகர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீயும் உங்கள் ஜனங்களுக்குச் சொல். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் பிரியமுள்ள அப்பா,
மாசிலாமணி


முக்கூடல்,
30.7.1996

எப்சி,

போன கடிதத்தில் எழுதியதை யாரிடமும் சொல்லாதே. சொல்லியாகிவிட்டதென்றால், என் தகப்பன் ஒரு மடையன் என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

காகமும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு. புருஷன் செத்த பிறகு பீடி சுற்றிப் பிழைக்கிறாளே, அவள்தான். வெள்ளிக்கிழமை ஆற்றுக்குப் போகிற வழியில் துண்டை மறந்தது நினைவு வந்து திரும்பினேன். அவள் கல்லின் மேல் மண்ணெண்ணெய்ப் பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தாள்.

யார் உன்னிடம் கேட்டது என்று சத்தம் போட்டேன். "நீங்க சாமிகிட்டதான் கேக்குதீய அண்ணாச்சி. நடுச்சுவரு ஒண்ணுதான, எனக்குல்லா கேக்கு" என்றாள். மெதுவாகத்தானே ஜெபம் பண்ணுகிறேன் என்றேன். "மெதுவாவா? மூணாம் வீட்டு மாடு எந்திச்சிருது" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து மாதம் ஒரு ஏழைப் பெண்ணின் கையில் வாங்கித் தின்றுவிட்டு, கர்த்தர் தந்தார் என்று கோயிலில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இனிமேல் இந்தக் கல் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

இனி வாயைத் திறந்து ஜெபிக்கப்போவதில்லை. நெஞ்சுக்குள் கேட்டால் கர்த்தருக்குக் கேட்காதா? இனி வருவது வரட்டும்.

அப்பா


முக்கூடல்,
25.8.1996

என் கண்ணான மகள் எப்சிபாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. போன கடிதத்தை வாசித்துப் பயந்திருப்பாய். இதை உட்கார்ந்து நிதானமாக வாசி.

வாயை மூடிக்கொண்டு ஜெபித்தேன் என்று எழுதினேன் அல்லவா? எத்தனை நாள் என்று எண்ணவில்லை. தலையணையில் முகத்தைப் பதித்துக்கொண்டு கேட்டேன். கல்லின் மேல் ஒன்றும் வரவில்லை. இருந்த நொய்யைக் கஞ்சி காய்ச்சி உப்புப் போட்டுக் குடித்தேன். பசியைக்கூடத் தாங்கிவிட்டேன் மகளே. ஆற்றுக்குப் போய்விட்டு வந்து அந்த வெறுங்கல்லைப் பார்க்கிறதுதான் தாங்கவில்லை. முன்பெல்லாம் திரும்பி வருகையில் நடையில் ஒரு வேகம் இருக்கும். நமக்காக இன்றைக்கு என்ன காத்திருக்கிறதோ என்று. அது இல்லாமல் போனபிறகு ஆற்றுக்கே போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை. கேட்பார்களா? எனக்கு ஒரு குறைவும் இல்லையென்று நான்தானே சாட்சி சொன்னவன்!

போன செவ்வாய்க்கிழமை கதவை யாரோ இடி இடியென்று இடித்தார்கள். என் காதுக்கே கேட்டதென்றால் பார்த்துக்கொள். சுடலைவடிவு நிற்கிறாள். முகம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "சத்தத்தையே காணும். மேலுக்குச் சொகமில்லையோ, செத்துக்கித்துப் போனீயளோன்னு ஈரக்கொலையே நடுங்கிட்டு" என்றாள்.

நான் முறைப்பாகவே நின்றேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவள் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வருஷம் மூன்றாகிறதாம். வீட்டில் பேச்சுக்குரல் என்பதே கிடையாதாம். என் ஜெபச் சத்தம் கேட்டுத்தான் எழுந்து அடுப்பு மூட்டுவாளாம். "நீங்க அரிசி கேப்பீய. சரி, இன்னிக்கு அண்ணாச்சிக்கு அரிசின்னு நினைப்பேன். ஒருத்தருக்கு இன்னது வேணும்னு தெரிஞ்சி எந்திக்கது எம்புட்டு நல்லாருக்கு தெரியுமா?" என்றாள்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னாள். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "நீங்க கேட்டதுல என்னால முடிஞ்சதையெல்லாம் கொண்டாந்து வச்சிட்டேன் அண்ணாச்சி. தெனமும் கடைசில ஒண்ணு கேப்பீயள்ளா, எம்மவள ஒருக்க என் கண்ணுல காட்டும் ஆண்டவரேன்னு. அத மட்டும் எனக்குக் கொண்டார முடியல."

நான் அப்படிக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது எப்சி. சத்தியமாகத் தெரியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவளும் அழுதாள்.

அன்றைக்குச் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். காகம் எந்த ஜாதி, எந்தச் சாமி என்று விசாரித்துவிட்டா தீர்க்கதரிசி அப்பத்தை வாங்கினார்? கர்த்தர் கொடுப்பது இன்ன கையால்தான் வரவேண்டும் என்று சட்டம் பேச மாசிலாமணி யார்? வருகிற ஞாயிறு கோயிலில் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லப்போகிறேன். அவள் சோறு கொண்டுவந்த மறுநாளிலிருந்தே வாய்விட்டுத்தான் ஜெபிக்கிறேன். மூன்றாம் வீட்டு மாடும் எழுந்திருக்கட்டும்.

இப்போது உன்னிடம் ஒன்று. நாலு வருஷத்துக்கு முன் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் புறப்படும்போது, கலப்பையில் கை வைத்தவள் திரும்பிப் பார்க்கக்கூடாது, என்னை நினைத்து வராதே என்று சொன்னேன். பிளாட்பாரமே கேட்கும்படி சொன்னேன். நீயும் அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை, வரவில்லை. அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஊழியம் கெடும்படி வரச் சொல்லவில்லை. ஒரு பத்து நாள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா. தேவையை மனுஷர் காதில் போடக்கூடாது என்பது உன் அம்மா சட்டம். மகள் காதில் போடலாமா என்று அவளிடம் கேட்டுவைக்காமல் போய்விட்டேன். போட்டுவிட்டேன் மகளே. என் கண் வெளிச்சம் இருக்கும்போது வா.

மலையில் உன் காலுக்கும் பிள்ளை காலுக்கும் முள் தைக்காமல் ஆண்டவர் காப்பாராக.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா, மாசிலாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபால்பெட்டிக்குக் கிளம்பினேன். வெளியே மழை. சுடலைவடிவு விடவில்லை. "இங்கன தாங்க. இதையாவது நான் கொண்டு போறேன்" என்று முந்தானைக்குள் வைத்துக்கொள்ள நிற்கிறாள். அதை உனக்குச் சொல்லத்தான் உறையின் இந்த ஓரத்தில் எழுதுகிறேன்.