வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை

கோட்டூர்புரம்
3.2.2025

பூஜா கண்ணுக்கு,

ஆயா நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை செம்பியனும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஸ்பீக்கர் போட்டால்தான் எனக்குப் போன் கேட்கிறது. ஸ்பீக்கர் போட்டால் இந்தப் பிளாக் முழுக்கக் கேட்கிறது. நம் விஷயம் போனுக்கு ஆகாது. படித்ததும் கிழித்துப் போடு.

நான் சொன்னபடிதானே செய்கிறாய்? எச்.ஐ.வி. மாத்திரையை அதன் டப்பாவோடு அந்த வீட்டில் வைக்காதே. இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரையோடு சேர்த்து ஒரே டப்பாவில் போட்டு வை. உன் மாமியார் தங்கபுஷ்பம் காலையில் வாசல் தெளிக்கப் போகும்போது, வெறும் வயிற்றில், மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடு. கேட்டால் ரத்தம் ஊறுவதற்கு என்று சொல்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் என்னைப் பார்த்து அவள், "பாத்திரம் வெளக்க வந்தவளா? பின்னால போ" என்றாள். மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தாள், ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஆயாவுக்கு எதுவும் மறக்காது. அவளுக்குத் தெரிந்தால் என் மகளுக்கு, உன் அம்மாவுக்கு, நடந்ததுதான் உனக்கும்.

உன் ஆயா
பொன்மணி


கோடம்பாக்கம்
14.2.2025

அன்புள்ள ஆயா,

உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் செம்பியன் வாங்கி வருவார்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. இத்தனை வருடமாக என் ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை என்றுதான் வரும். இந்த முறை ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறது. டாக்டர் மாளவிகா, "மாத்திரைய விட்டுட்டியாம்மா?" என்றார். ஒரு நாள்கூட விடவில்லை என்று அழுதேன். "சரி, எப்படிப் போடுறேன்னு செஞ்சு காட்டு" என்றார். பையிலிருந்து டப்பாவை எடுத்து மூன்றையும் உள்ளங்கையில் கொட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இதுதான்."

பிறகு படம் போட்டுக் காட்டினார். கிருமி நம் ரத்த அணுவுக்குள் போனதும் தன்னை டி.என்.ஏ. இழையாக மாற்றி எழுதிக்கொள்ளுமாம். அந்த இழையை நம்முடைய டி.என்.ஏ.வோடு சேர்ப்பதற்கு இன்டெக்ரேஸ் என்று ஒரு என்சைம். அதன் பிரதிகள் சில ஒன்றுசேர்ந்து இழையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளும். முனையில் கொஞ்சம் நறுக்கும். நம் டி.என்.ஏ.வை வெட்டும். வெட்டிய இடத்தில் கிருமியின் முனையை இணைத்துவிடும். ஒருமுறை இணைத்துவிட்டால் பிரித்தெடுக்க இன்றைக்கும் மருந்தில்லை. அதனால்தான் பிறந்ததிலிருந்து என்னோடு இருப்பது என்னை விட்டுப் போகவில்லை.

அந்த என்சைம் வெட்டுகிற இடத்தில் இரண்டு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. அவை இல்லாமல் அதற்கு வேலை ஓடாது. என் மாத்திரை போய் அந்த உலோகத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. என்சைம் அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் உலோகம் எங்கே கிடைத்தாலும் மாத்திரை பிடித்துக்கொள்ளுமாம். வெறும் வயிற்றில் இரும்பும் கால்சியமும் கூடவே போனால் அங்கேயே அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. ஒவ்வொரு நாளும் விழுங்கினேன் ஆயா, பாதி வீணாகியிருக்கிறது.

இனி அந்த மாத்திரை இரவில் தனியாக. மற்றவை பகலில், சாப்பாட்டுக்குப் பிறகு. பிரசவத்துக்குள் எண்ணிக்கை இறங்காவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் பயம் இருக்கிறது. இறங்கினாலும் பிறந்ததும் குழந்தைக்குச் சில வாரம் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். என் மாத்திரையை ஒளித்தேன். பிள்ளையின் மருந்தை எப்படி ஒளிப்பேன்? அத்தையிடம் சொல்லப் போகிறேன். செம்பியனும் சரி என்கிறார்.

பூஜா


கோட்டூர்புரம்
19.2.2025

பூஜாவுக்கு,

சொல்லாதே.

நீ கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. உன் அப்பன் செத்துப் பதினாறு முடியவில்லை. நோய் தெரிந்ததும் அவன் வீட்டார் உன் அம்மாவின் தட்டை மாடிப்படியில் வைத்தார்கள். உன் அப்பனின் அண்ணி, உன் பெரியம்மா, பச்சை நைட்டியில் நின்றுகொண்டு, "உன் துணிய எங்க கொடில போடாதமே" என்றாள். கழுவாமல் கிடந்த தட்டில் எறும்பு. நான்தான் உங்கள் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி வந்தேன். மறு வருஷம் உன் அம்மாவும் போய்விட்டாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். இங்கே வந்துவிடு. மருந்தெல்லாம் இங்கேயே கொடுத்து முடிப்போம். ஊர் வாயை ஆயா பார்த்துக்கொள்கிறேன். நான் சொன்ன மாதிரி விழுங்கியதால்தான் கெட்டது என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் ஆயிரம் சொல்லுவாள். உன்னை இந்த வயது வரைக்கும் உயிரோடு கொண்டுவந்தது அவள் இல்லை.

மீறிச் சொன்னால் எனக்கு இனிமேல் எழுதாதே.

பொன்மணி


கோடம்பாக்கம்
24.3.2025

அன்புள்ள ஆயா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

அங்கே வந்து மூன்று மாதம் ஒளிக்கலாம். திரும்பி இங்கே வந்த பிறகு? ஆயுசு முழுக்க இரவில் கழிவறையில் நின்று மாத்திரை விழுங்க என்னால் முடியாது. சொல்லிவிட்டேன்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். "எம் பையனுக்கு இருக்கா?" என்றார். செம்பியனே, "எனக்கில்லம்மா, டெஸ்ட் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடியே பூஜா சொல்லிட்டா" என்றார். "அப்ப நான் ஒருத்திதான் கேணச்சி" என்று எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து தனியாகச் சமைக்கிறார். தன் டம்ளரை அறைக்குள் வைத்துக்கொள்கிறார். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் போ என்றும் சொல்லவில்லை. வளைகாப்புப் பேச்சு நின்றுபோனது. நீ சொன்னது கிட்டத்தட்ட அப்படியே நடந்தது ஆயா.

ஆனால் போன வாரப் பரிசோதனையில் கிருமி மறுபடி தென்படவில்லை. தனியாக விழுங்கிய மாத்திரை வேலை செய்திருக்கிறது. சுகப்பிரசவத்துக்கே பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

பிரசவ அறையில் கூட இருக்கப்போகும் பெண் யார் என்று நர்ஸ் கேட்டார். ஒரு பெயரும் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

பூஜா


கோட்டூர்புரம்
28.3.2025

பூஜாவுக்கு,

நேற்று உன் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மாலை வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "இன்னா டாக்டரம்மா, நான் சொல்லிக் குடுத்ததாலதான் கிருமி ஏறிச்சா?" என்று கேட்டேன். ஏதாவது மழுப்புவாள் என்று நினைத்தேன். "ஆமா பாட்டி, அதாலதான். எங்க ஆளுங்களும் தெளிவா கேட்டிருக்கணும். இப்ப சரியாயிடுச்சு" என்றாள். முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணிமணியோடு வருகிறேன். கோடம்பாக்கம் ஸ்டேஷனுக்குச் செம்பியனை அனுப்பு. உனக்கு நான் சமைப்பேன். உன் மாமியார் அவளுக்குச் சமைத்துக்கொள்ளட்டும். அவள் பேசினால் பதில் சொல்வேன், நானாகப் பேச மாட்டேன். அவளும் வாயைத் திறக்காமல் இருந்தால் அதுவே போதும்.

நீ என் பேச்சை மீறியது எனக்குள் அப்படியேதான் இருக்கிறது. அது போகும்போது போகட்டும்.

நர்ஸிடம் என் பெயரைக் கொடு. என்ன உறவு என்று கேட்டால் அம்மா என்று சொல்.

பொன்மணி